நானூற்றுப் பன்னிரண்டு

மீட்டரைப் பார்த்தும் நம்பவில்லை கோவைக்காரர்.
நானூற்றுப் பன்னிரண்டே கிலோமீட்டர்.
தூத்துக்குடித் துறைமுகத்திலிருந்து கீழக்கரைக்கு வந்தது,
ஒரு சுபுஹுக்குப் பிறகு அரிச்சல்முனை போய்த் திரும்பியது,
மீதி, வெள்ளிக்கிழமைகளில் பெட்ரோல் பங்க் வரை
என்று கணக்குச் சொன்னேன்.

பாம்பன் பாலத்தில்
ஐஸ்தண்ணீர் சொட்டச் சொட்ட ஒரு மீன்வண்டி முந்தியதையும்
"முந்நூறு போகும்னீங்களே" என்று
ஜரீனா சிரித்ததையும் சொல்லவில்லை.

டார்ச்சோடு அடியில் படுத்தபடி கேட்டார்:
"உப்புக்காத்து அரிக்கலையா?"
நல்லதண்ணியில்தான் கழுவுவேன்,
குடம் பதினைந்து ரூபாய்.

விலை படிந்தது.
லாரியில் ஏற்றிப் போனார்கள்.
அப்போதும் எண் மாறவில்லை.

மறுநாள் தண்ணீர்வண்டிச் சந்தியாகு
வாசலில் ஹாரன் அடித்தான்:
"காருக்கு நாலு குடமா, அஞ்சா?"

அஞ்சு என்றேன்.