விரல் படாத எடை

பத்தொன்பது வருஷமாய்த் தராசுக்கு முத்திரை குத்துகிறேன்.
கீழமாசி வீதி, நேதாஜி ரோடு, பரவை மார்க்கெட்,
சந்தை நாளில் உசிலம்பட்டி.
தட்டுக்கு அடியில் ஒட்டிய காந்தத்தை
நகம் நுழைத்து எடுத்திருக்கிறேன்.
கிலோவுக்கு இருபது கிராம்தானே மேடம் என்பார்கள்.
இருபதுதான்.
நாளைக்கு நானூறு கிலோ வெங்காயம் போனால்
எட்டுக் கிலோ காற்றை விற்றிருக்கிறீர்கள்,
வருஷத்துக்கு ஒரு மினிலாரி என்பேன்.
முகம் வேறு பக்கம் போகும்.

அதனால், கணவரின் ஒன்றுவிட்ட தம்பி
ஞானசிகாமணி
வழவழத்த தாளைப் பிரித்து
"நூற்றுக்கு ரெண்டு ரூபாதான் அண்ணி, நிர்வாகச் செலவு"
என்றபோது
என் கை தானாகத் தட்டுக்கு அடியில் போனது.

ஒரு தரமா?
வருஷா வருஷம்.
லாபம் வந்தால்தானே?
வராவிட்டாலும்.
போட்ட பணத்திலா, வளர்ந்த பணத்திலா?
அவன் காபியை ஆற்றினான்,
ஏற்கெனவே ஆறிப்போன காபியை.

அன்றிரவு பழைய ரிஜிஸ்டரின் பின்பக்கத்தில்
இருபத்தைந்து வருஷத்துக்கும் கணக்குப் போட்டேன்.
கடைசி வரியில்
பத்தில் நாலு பங்கு
அவன் பக்கத் தட்டில் இருந்தது.

எந்தப் பங்கு ஏறும் என்று எனக்குத் தெரியாது.
தினம் நடக்கிற கீழமாசி வீதியிலேயே தெரியவில்லை.
நாற்பது மூட்டை மிளகாய் இறக்கிய கடை
அடுத்த தைக்குள் ஷட்டரை இறக்கியது.
சந்தில் கற்பூரம் நிறுத்து விற்ற பெண்
மூன்று கடைகளை இடித்து ஒன்றாய்க் கட்டினாள்.
இரண்டு தராசுக்கும் முத்திரை என்னுடையது.
இரண்டும் சரியாகத்தான் நின்றன.

ஆகவே வீதியையே வாங்கினேன்,
கடைக்கு ஒரு சிட்டிகை.
பெரிய கடையில் பெரிய சிட்டிகை.
விழுந்த கடையின் பெயரை அடித்துவிட்டு
எழுந்த கடையைப் பட்டியலே எழுதிக்கொள்ளும்.
கெட்டிக்காரன் யாரும் வேண்டாம்,
நூற்றுக்கு இருபது பைசா கூலி.
படிவத்தில் குறியீட்டு நிதி என்றிருந்தது.
நான் வீதி என்றே சொல்கிறேன்.
மாசம் ஏழாம் தேதி நாலாயிரம்.
(மகளின் காலேஜ் பணம் போஸ்டாபீசில்.
அதை வீதியில் விடவில்லை.)

பிறகு அந்தப் பங்குனி ஞாயிறு.
மாசி வீதி நாலும் தாழிட்டுக் கிடந்தன.
நடுரோட்டில் ஒரு மாடு அசைபோட்டது.
போனைத் திறந்தேன். பத்தில் மூணு இல்லை.
எடுத்திடுங்க அண்ணி, இன்னும் விழும் என்று
ஞானசிகாமணி அனுப்பியிருந்தான்.
அவன் சொன்னது சரி.
மறுநாள் இன்னும் விழுந்தது.

எங்கள் அலுவலகத்தில் ஒரு வெல்வெட் பெட்டி,
அதற்குள் நியம எடைகள்.
வெறுங்கையால் தொடக்கூடாது, இடுக்கி வேண்டும்.
விரல் வியர்வை ஒட்டினால் போதும்,
எடை பொய் சொல்லத் தொடங்கும்.
சேர்ந்த முதல் வாரமே
தொட்டுவிட்டுத் திட்டு வாங்கியிருக்கிறேன்.

விற்கிற பொத்தானுக்கு மேல்
பெருவிரல் நின்றது.
பார்த்தேன், ஈரமாக இருந்தது.

போனைத் துணியில் சுற்றி அரிசி டிரம்முக்குள் வைத்து
மேலே இரண்டு படி அள்ளிப் போட்டேன்.
தைரியம் என்று யாரும் எழுதிவிட வேண்டாம்.
வயிறு கலங்கி மூன்று நாள் ரசம்சோறு.
அம்மா கூப்பிட்டது
அரிசிக்குள்ளிருந்து முனகலாய்க் கேட்டது.
ஏழாம் தேதி வந்தது,
என்னைக் கேட்காமல் நாலாயிரம் போனது.

இப்ப எவ்வளவு இருக்கு என்கிறார் தனுஷ்கோடி.
முள் ஆடும்போது படிக்கக்கூடாது என்கிறேன்.
எப்பத்தான் நிக்கும்?
ரிட்டயராகப் பதினோரு வருஷம் இருக்கே.
நினைத்த இடத்தில் நிற்காமலும் போகலாம்.
அதை அவரிடம் சொல்லவில்லை.

போன மாசம் திருப்பரங்குன்றத்தில்
ஞானசிகாமணி வீட்டுக் காதுகுத்து.
அவனே பரிமாறினான்.
என் இலையில் மட்டும் பாதி வடை.
எடை குறைவுதான்,
குறிப்பெழுதவில்லை.