நூறுக்குள்

இரண்டு மாதத்துக்கு ஒருமுறை
ஏற்காட்டு ஏரியை ஒரு சுற்று வருவேன்.
உலாவ அல்ல.
மின்வாரியத்தில் கணக்கெடுக்கும் உத்தியோகம்.
தோளில் பை, கையில் கருவி,
அட்டை வைத்திருப்பவர்களுக்காக ஒரு பேனா.

துரைமார் குதிரைக்கு நடை பழக்கிய பாதை
என்கிறது பலகை.
அதன் பின்பக்கம் படகு வாடகை.
கருங்கல் பாவிய இடங்களில்
லாடம் தேய்த்த பள்ளம் உண்டு.
மழை நின்ற மறுநாளும்
அதில் மட்டும் கொஞ்சம் வானம் கிடக்கும்.

முதல் கேட், 'ஃபெர்ன் பேங்க்'.
ஜன்னல் வழியே சுவரில் மான் தலை தெரியும்,
ஒரு கண்ணாடிக் கண் உதிர்ந்து.
ரீடிங்: போன தடவை எழுதியதே.
இரண்டாவது, சேலத்து நூல்மில்காரர்
சித்திரை வெயிலுக்குப் பயந்து கட்டியது.
இருபத்தோரு அறை, இருபத்தோரு விசிறிக் கொக்கி.
மலையில் எதற்கு விசிறி என்று
யாரோ கேட்டிருக்க வேண்டும்,
கொக்கியோடு நின்றுவிட்டது.
ரீடிங்: நாலு கூட.
அடுத்தது பங்காளி வழக்கில்.
ஒருத்தரை ஒருத்தர் நம்பாமல்
ஒரே கேட்டில் மூன்று பூட்டு.
மீட்டரை எட்டிப் பார்க்க
மதிலில் ஒரு கல்லைப் பெயர்த்து வைத்திருக்கிறேன்,
அரசாங்கக் காரியமாக.

கீழே ஊரில் சுவருக்குச் சுவர் ஏசி வந்த பிறகு
மலையேற யாருக்கும் அவசரமில்லை.
குளிர் இறங்கிப் போய்விட்டது.
வீடுகள் இங்கேயே
சில்வர் ஓக் சருகைச் சேர்த்துக்கொண்டு.

ஏழாவதில்தான் வெள்ளையம்மா.
சம்பள நோட்டில் காவலாளி அவள் புருசன் சடையன்.
அவன் மிளகு பறிக்கப் போய்விடுவான்,
காப்பது இவள்.

"நூறு தாண்டிருச்சுங்களா அம்மிணி?"
என் முகத்தையும் பார்க்க மாட்டாள்,
மீட்டரையும் பார்க்க மாட்டாள்.
நூறு யூனிட் வரை இலவசம்.
குடிசைக்கும் அதே நூறு,
பங்களாவுக்கும் அதே நூறு.

முதல் தடவை எண்பத்தொன்பது கண்டு
மீட்டர் பழுது என்று எழுதப் போனேன்.
ஆளில்லா வீட்டில் எது குடிக்கிறது இத்தனை?
அன்று சாயங்காலம் படகுத்துறையில்
ஒரு ரோஸ்மில்க் வாங்கினேன்.
தள்ளுவண்டிக்காரி இவளேதான்.
இத்தனை ஐஸ் ஏது என்று
பல் கேட்டது,
நான் கேட்கவில்லை.

பிறகொரு மழையில் உள்ளே கூப்பிட்டாள்.
வெள்ளைத்துணி போர்த்திய
நாற்காலிகளுக்கு நடுவே
பழைய ஃப்ரிட்ஜ் ஒன்று உறுமிக்கொண்டிருந்தது.
அந்தக் கூடத்தில் மூச்சுவிட்டது அதுதான்.
பக்கத்துச் சுவரில் கரிக்கோடுகள்:
வாரத்துக்குப் பதினொன்று,
அதற்கு மேல் போனால் ராத்திரி அணைத்துவிடுவாளாம்.
எங்கள் ஆபீசில் யாரும்
இவ்வளவு சுத்தமாகக் கணக்கு வைத்ததில்லை.

இந்த மே மாதம் கோடை விழா.
கொண்டையூசி வளைவு முழுக்க பஸ்,
மூன்று நாள் தாமதமாகத்தான் வந்தேன்.
மீட்டர் நூற்று மூன்று காட்டியது.
நேரத்துக்கு வந்திருந்தால்
தொண்ணூற்றெட்டில் நின்றிருக்கும்.

சில்லறைப் பணம்தான்.
ஆனால் சென்னையில் முதலாளியின் போன் டிங் என்னும்.
இத்தனை வருசம் சைபர் வந்த வீட்டில்
இதென்ன என்று கேட்பார்.
வெள்ளையம்மா கேட்கவில்லை.
இந்தத் தடவை
மீட்டரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

விரியத் திறந்த கதவுக்கு எதிரே நின்று
கருவியில் 'கதவு பூட்டு' என்று அழுத்தினேன்.
போன தடவைத் தொகையே இதற்கும்.
அடுத்த சுற்றில் நாலு மாசம் சேர்ந்து வரும்,
அதற்குள் ஆடி மழை பிடிக்கும்,
ஐஸ் கேட்பாரில்லை,
சராசரி தானே இறங்கிக்கொள்ளும்.
இதையெல்லாம் அவளிடம் சொல்லவில்லை.
அவள் விரல்மடக்கி
முடித்துவிட்டிருந்தாள்.

இறங்கும்போது ரோஸ்மில்க் காசு கொடுத்துத்தான் குடித்தேன்.
சில்லறை இல்லையென்று
அஞ்சு ரூபாய் பாக்கி நிற்கிறது.

எட்டாவது கேட்.
நாய் புதுசு.
ரீடிங்: சைபர்.