மாதிரி நீர்

தனி ஆளுக்குப் படகு கிடையாது என்றார்கள்.
நான்கு பேர் அமரும் துடுப்புப் படகு,
நான்கு பேர் சேர்ந்தால்தான் சீட்டு.
வாரியத்துக் கடிதத்தைக் கம்பிக்குள் நீட்டினேன்.
வாசித்து, மடித்து, திருப்பித் தந்து
"மோட்டார் படகு பழுது, மேடம்.
இவங்களோட ஏறிக்குங்க" என்றது சன்னல்.

இவங்க:
வேடசந்தூரிலிருந்து வந்த புதுத் தம்பதி,
அவர்களோடு அனுப்பிவைக்கப்பட்ட ஒரு மைத்துனன்,
பன்னிரண்டு வயது, வாய் நிறைய வர்க்கி.
ஆரஞ்சு மிதவைச் சட்டை மாட்டியதும்
யார் யாருக்கு என்ன உறவென்று
கரையில் இருப்பவர்களுக்குத் தெரியாது.
என் மடியில் ஐஸ் பெட்டி.
பெட்டிக்குள் ஐந்து காலிப் புட்டிகள்.

துடுப்பு போடுகிறவர் பெயர் ஜோகி.
வலிக்கையில் இடது தோள் மட்டும் கொஞ்சம் ஏறும்.
அதனால் படகு
எதையோ மறந்துவிட்டு வந்ததுபோல்
ஒரு பக்கமாகவே திரும்பப் பார்க்கும்.

நடு ஏரியில் கயிற்றை இறக்கி முதல் புட்டி.
"தீர்த்தமா அக்கா?" என்றாள் நாகஜோதி.
இல்லை, பரிசோதனைக்கு.
"அச்சச்சோ, யாருக்கு உடம்புக்கு?"
சொல்ல வாயெடுத்து
ஏரியைப் பார்த்தேன்.

பேருந்து நிலையத்துப் பக்கம் துடுப்பை நீட்டி
"அங்கயும் தண்ணிதான் இருந்துச்சாம்" என்றார் ஜோகி.
"குதிரை ஓடுற திடலு, அதுவும்."
அப்படியென்றால் காலையில் நான்
கோவை வண்டியிலிருந்து இறங்கி
ஏரியின் அடியில் நின்று
இஞ்சி டீ குடித்திருக்கிறேன்.
தலைக்கு மேல் யாருடைய படகு போயிற்றோ.

கற்பூர மரங்களின் நிழலில் ஒன்று.
மிதிபடகுகள் கட்டிக் கிடக்கும் துறையில் ஒன்று.
பையன் எண்ணிக்கொண்டே வந்தான்,
இன்னும் ஒன்று பாக்கி என்றான்.

பாக்கி: கோடப்பமந்து கால்வாய் வந்து விழும் வாய்.
ஊரெல்லாம் குளித்தது, கழுவியது,
கதவைச் சாத்திக்கொண்டு செய்தது எல்லாம்
கூச்சமில்லாமல் கைகோத்து வரும் இடம்.
ஜோகி துடுப்பைத் தூக்கிவிட்டார்.
"இதுக்கு மேல சவாரி போறதில்லீங்க."
மாப்பிள்ளை கைக்குட்டை தேடினான்.
கடைசி வர்க்கி பொட்டலத்துக்குள் திரும்பிப் போனது.
ஜோகி என்னைப் பார்த்தார்,
நான் கடிதத்தைப் பார்த்தேன்.
நாகஜோதிதான் சொன்னாள்:
"போலாம்ணே. அக்கா வேலைக்கு வந்திருக்காங்க."

என் மிதவைச் சட்டையின் பட்டையை
அவள் பின்னாலிருந்து இறுக்கிப் பிடித்துக்கொள்ள
குனிந்து நிரப்பினேன்,
இரண்டாம் டிகாஷன் நிறத்தில்.
மூடி நழுவிற்று.
மருதாணிக் கை சட்டென்று அதற்குள் போய்
எடுத்துத் தந்தது.
துடைத்துக்கொள்ளக்கூட இல்லை,
முதலில் மூடியைத்தான் உதறினாள்.

திரும்பும்போது மழை.
இருந்தது ஒரே குடை. தலைகள் ஐந்து.
பையன் அதை விரித்து
ஐஸ் பெட்டிக்குப் பிடித்தான்,
"தண்ணி நனையக் கூடாதுல்ல."
ஜோகி சிரித்தபோது படகு
அன்றைக்கு முதல்முறையாக நேரே போனது.

இரவு, பேருந்து நிலையத்தில்
தேங்கிய நீரைப் பிளந்து வண்டிகள் கிளம்புகின்றன.
எங்கள் வண்டி சாய்ந்து திரும்ப
புட்டிகள் ஒன்றையொன்று இடித்துக்கொள்கின்றன.
படிவத்தில் ஐந்தாம் எண்ணுக்கு
இடம், நேரம், ஆழம் எழுதியாயிற்று.
குறிப்பு என்ற கட்டம் விரலளவுதான்.
மூடியில் வெளிக் கை பட்டது.
இது விதி, எழுதித்தான் ஆகவேண்டும்.
யாருடைய கை என்பதற்கு இடமில்லை.

குன்னூர் தாண்டி, பர்லியார் தாண்டியும்
சோப்பு போட்ட என் விரலில்
அந்த வாடை இருந்தது.
அவள் விரலிலும் இருக்கும்.