மூன்றாவது சுற்று

எங்கள் மைதானம் சுற்றுக்கு இருநூறு மீட்டர்.
நானே கயிறு பிடித்து அளந்து சுண்ணாம்பு போட்டது.
வடக்கு மூலையில் நின்று உரக்கத் திட்டினால்
ஆந்திராவுக்குக் கேட்கும்.

ஆறாம் வகுப்புக்கு அறுநூறு மீட்டர்.
கோட்டோரம் உட்கார்ந்திருப்பவர்கள் தெலுங்கில் எண்ணுகிறார்கள்:
ஒகட்டி.
ரெண்டு (இது எங்கள் இரு வீட்டுக்கும் பொது).
மூடு.

மூடு என்றதும் கோட்டீஸ்வரிக்கு மூடிக்கொள்கிறது.
கை இடுப்புக்குப் போகும்,
வாய் கரையில் போட்ட கெண்டையின் வாயாகும்.
மூன்று நிமிடம் நாற்பத்தொரு விநாடி.

இரும்பு மில்லின் பின்மதிலை ஒட்டிய தெரு அவளுடையது.
குடத்தின் மேல் துணி,
துணியின் மேல் கறுப்பு.
ராத்திரியில்தான் ஊதுவார்கள், யாரும் எழுதி வைக்க முடியாத நேரமாகப் பார்த்து.

ஹேமாத்ரியின் மொட்டைமாடியில் நின்றால்
பள்ளிக் கொடிக்கம்பம் தெரியும்.
நடுவில் கல்கத்தா ரோடு, ஆறு வழி.
கூர்மய்யாவின் மகன் ஒருநாள் குறுக்கே ஓடிப் பார்த்தான்.
அதற்குப் பிறகு அந்தப் பக்கத்தில்
எந்தத் தாயும் எந்தப் பிள்ளையையும் ஓட விடுவதில்லை.
வேனில் நாலு கிலோமீட்டர் சுற்றி வருகிறான்,
வேனில் திரும்பிப் போய்ச் செல்போனோடு உட்காருகிறான்.
ஒரு வருடத்தில் ஒன்பது கிலோ.
குண்டா என்கிற பையன்களை அதட்டுகிறேன்.
ரோட்டை அதட்ட எனக்குக் குரல் இல்லை.

மௌனிகா ஏரிக்கரைக்காரி.
அப்பாவின் முந்நூறு வாத்துகளில்
எப்போதும் ஏழெட்டு வாத்துக்கு வேறு யோசனை இருக்கும்.
அவற்றைத் திருப்பிக் கொண்டுவந்துவிட்டுத்தான் பள்ளிக்கு வருவாள்.
இரண்டு முப்பத்தொன்று.
பிறவித் திறமை டீச்சர், என்கிறார் தலைமையாசிரியர்.

மூன்று பேர் தட்டிலும் அதே முட்டை, அதே சோறு.
நான்தானே பந்தியில் நிற்கிறேன்.

ஆடியில் மில் உலை வெடித்தது.
ஒடிசாக்காரப் பையன் ஒருவனைத்
தோள்வரை வெந்தவனாக ஸ்டான்லிக்கு ஏற்றிப் போனார்கள்.
மில்லை மூடினார்கள். பத்தொன்பது நாள்.

கோட்டீஸ்வரி வீட்டில் கூலி இல்லை.
சத்துணவில் இரண்டாம் முறை தட்டை நீட்டினாள்,
என்னைப் பார்க்காமல்.

பதினெட்டாம் நாள் ஓட்டம்.
ஒகட்டி. ரெண்டு.
மூடு என்று கத்தினார்கள். அவள் கை இடுப்புக்குப் போகவில்லை.
மூன்று பன்னிரண்டு.
"வாட்ச் நின்னுபோச்சா மிஸ்?" என்றாள்.
நானும் ஒருமுறை உதறிப் பார்த்துக்கொண்டேன்.
அரைவயிறு.
அதோடு இருபத்தொன்பது விநாடி குறைத்திருக்கிறாள்.

மில் திறந்த அன்று அந்தத் தெருவில் சரவெடி.
அவள் அப்பா எனக்கும் ஜாங்கிரி கொடுத்தனுப்பினார்.
சாப்பிட்டேன். நன்றாகத்தான் இருந்தது.
அடுத்த வாரம் மூன்று முப்பத்தெட்டு.

மாவட்டத்துக்கு அனுப்பும் படிவத்தில்
பெயர் உண்டு, தந்தை பெயர், சாதி, ரத்த வகை,
உயரம், எடை, எடுத்துக்கொண்ட நேரம்.
கடைசியில் குறிப்புக்கு ஒரு விரற்கடை இடம்.
அதில் மூன்று தெருவின் பெயரையும் நுணுக்கி எழுதினேன்.
பச்சை மையில் திரும்பி வந்தது:
தொடர்பற்ற விவரம். திருத்தி அனுப்பவும்.

திருத்தவில்லை. மேஜையில்தான் இருக்கிறது,
சுண்ணாம்பு டப்பாவுக்கு அடியில்.

இன்று ஓட்டத்துக்கு முன் கோட்டீஸ்வரி பக்கத்தில் வந்தாள்.
மில்லுக்குப் போகிற அப்பாக்களின் பிள்ளைகள்
காதில் விழாத தூரமா என்று பார்த்துவிட்டு,
"மில்லுக்கு மறுபடி எப்ப மிஸ் லீவு?"

ஷூ நாடாவைக் கட்டு என்றேன்.
அவள் போட்டிருந்தது செருப்பு.

கோட்டில் நிற்கிறார்கள்.
விசிலை வாயில் வைக்கிறேன்.
எனக்கு முன்னால் மில் சங்கு ஊதிவிடுகிறது.
பிள்ளைகள் ஓடத் தொடங்கிவிட்டார்கள்.