நாலரை நாள்

மண்டபம் ஆஸ்பத்திரி, எக்ஸ்ரே அறை.
வின்ச்சுக் கம்பி அடித்து
மணிக்கட்டு வீங்கி வந்திருந்தார் ரெமிஜியூஸ்.
ஆட்டாதீங்க என்றேன்.
ஒரு சொடுக்கு.
திரையில் கை, காரல் முள் மாதிரி.

டாக்டர் வரும்வரை பேச்சு வேண்டும். சொன்னேன்:
இதே கதிர் வானத்திலிருந்தும் வருகிறது,
தரைக்கு எட்டாது.
நமக்குக் காற்றுதான் ஈய அங்கி.
அதனால் கண்ணை மேலே அனுப்பியிருக்கிறார்கள்.
நேரே விழுந்தால் கண்ணாடிக்குள் புதைந்துவிடும்.
வடகடலில் பையன்கள் எறியும் ஓட்டுச்சில்லு
தண்ணியை உரசித் தத்துமே,
அப்படிச் சரித்துப் பிடிக்கவேண்டும்.

பிடித்ததில் ஒன்று,
கன்னி ராசிப் பக்கம்,
முப்பது கோடி ஒளியாண்டுக்கு அப்பால்
யாரும் ஏறிட்டுப் பார்க்காத கருந்துளை.
விழித்துக்கொண்டது.
நாலரை நாளுக்கு ஒருதரம் எரிகிறது.

"விசைப்படகுக்கு வாரத்துல மூணு நாள்,
நாட்டுப்படகுக்கு நாலு.
நாலரைக்கு எவன்யா டோக்கன் குடுத்தது?"
சிரித்தார். வலித்தது.
"எதைத் தின்னு எரியுது?"

தெரியவில்லை.
சுற்றும் தட்டை ஏதோ ஒன்று
கிழித்துக்கொண்டு போகிறதோ என்று ஒரு பேச்சு.

"பாடு தெரியாமலே கணக்கு எழுதுறாங்க."

டாக்டர் வந்தார். ஆறு வாரம் கடலுக்குப் போகக்கூடாது.
ரெமிஜியூஸ் பதில் சொல்லவில்லை.
ஜெட்டியில் ஐஸ் உடைக்கும் சத்தம்.
நாற்பத்திரண்டை நாலரையால் வகுத்துப் பார்த்தேன்,
கணக்குத் தப்பாவிட்டால் ஒன்பது தடவை.
அதை அவரிடம் சொல்லவில்லை.
படத்தை உறையிலிட்டு
இடது கையில் கொடுத்தேன்.
வாசலில் நின்று உருவி
டியூப்லைட்டுக்கு நேரே பிடித்தார்,
தலைகீழாக.