கறுப்புக் கால்சட்டை

பூனை இல்லாத வீடு எங்களுடையது.
யீஷூனில் பதினோராவது மாடி.
கொசுகூட மூச்சு வாங்கித்தான் வந்து சேரும்.
அப்படியிருக்க
லோகநாதனின் கறுப்புக் கால்சட்டையில்
முழங்காலுக்கு மேலே
செம்மஞ்சள் முடி.

ஒன்றிரண்டு என்றால்
பேருந்து இருக்கை, பக்கத்தில் நின்றவர் பை என்று
நானே அவருக்காக வாதாடியிருப்பேன்.
செவ்வாய்க்கிழமை பதினேழு.
வியாழன் அன்று எண்ணுவதை விட்டேன்.

உதறினேன், போகவில்லை.
பிரஷ் அதைத் துணிக்குள் இன்னும் ஆழமாக நெய்தது.
துவைத்தால் போய்விடும் என்று நம்பினேன்.
வாஷிங் மெஷின் நியாயஸ்தன்,
எல்லாருக்கும் சமமாகப் பங்கு வைத்தது:
என் ரவிக்கைக்கு, தலையணை உறைக்கு,
மகனின் பள்ளிக் காலுறைக்கு.
சன்னலுக்கு வெளியே மூங்கில் கழியில்
எங்கள் குடும்பமே லேசான செம்மஞ்சளாய்க் காய்ந்தது.

எதிர்வீட்டு ரொஹாயா அக்கா சொன்னார்:
ரப்பர் கையுறையை நனைத்துக்கொள்,
ஒரே திசையில் போ,
தேய்க்காதே, வருடு.
அவர் வீட்டில் மூன்று பூனைகள்.
இரண்டு கறுப்பு, ஒன்று சாம்பல்.
அதையும் பார்த்துக்கொண்டுதான் திரும்பினேன்.

வருடினேன்.
சுருண்டு சுருண்டு திரண்டது
கொட்டைப்பாக்கு அளவு ஓர் உருண்டை.
அதை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு
ஷெர்லினின் சாயமிட்ட கூந்தலை நினைத்தேன்.
ஆண்டிறுதி விருந்துப் படத்தில்
அவருக்கு இரண்டு நாற்காலி தள்ளிச் சிரித்தவள்.
கூந்தல் இத்தனை குட்டையாய் உதிராதே
என்றது புத்தி.
புத்தி சொல்லிப் பொறாமை
எந்த ஊரில் அடங்கியிருக்கிறது?

கேட்கவில்லை.
அவர் தூங்கிய பிறகு
ஒட்டுநாடாவைப் பசை வெளியே தெரிய
நான்கு விரலில் சுற்றிக்கொண்டு
ஒற்றி ஒற்றி எடுத்தேன்.
சர்க். சர்க்.
புரண்டு படுத்து, "என்ன சத்தம்?" என்றார்.
"பல்லி" என்றேன்.

புதன்கிழமை டாக்டர் லிம் விடுப்பு,
பல் மருந்தகம் அரைநாள்தான்.
குறுக்கு வழியில் வீட்டுக்கு வந்தேன்.
ஜூரோங்கில் இருக்கவேண்டியவர்
எங்களுக்கு நான்கு புளோக் தள்ளி
கீழ்த்தளத்துக் கல்மேசையில் உட்கார்ந்திருந்தார்.
முழுக்கைச் சட்டை. கழுத்துப்பட்டை.
காலையில் நான் கட்டிக்கொடுத்த சாப்பாட்டு டப்பா.
மடியில், வால் நுனி முறிந்த
தடித்த செம்மஞ்சள் பூனை ஒன்று,
கையிரண்டையும் மார்புக்குள் மடித்து
அந்தக் கட்டடமே தன் பெயரில் இருப்பதுபோல.

தூணுக்குப் பின்னால் நின்றேன்.
கைத்தொலைபேசியைப் பார்த்து
அதற்கு வாசித்துக் காட்டிக்கொண்டிருந்தார்:
"தங்கள் விண்ணப்பத்துக்கு நன்றி.
வருந்துகிறோம்."
பிறகு அவர் குரலில்:
"இது ஒன்பதாவது, மேனேஜர்."
மேனேஜர் கொட்டாவி விட்டது.

எத்தனை மாதமோ.
என் கையுறைக் கணக்கில் ஐந்து வாரம்.
இருபத்தைந்தாம் தேதி சம்பளம் வந்ததே,
எதை உடைத்து எடுத்துப் போட்டார்?

கூப்பிடத்தான் வாயெடுத்தேன்.
அதற்குள் அவர் என் மீன் துண்டைப் பிட்டு,
வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து,
ஒவ்வொரு முள்ளாய் நீக்கிப்
பாதியை அதன் முன்னால் வைத்தார்.
பதினான்கு வருடத்தில்
எனக்கு ஒருநாள் முள் பார்த்துத் தந்ததில்லை
இந்த மனிதர்.
கோபமா அழுகையா என்று பிரித்தெடுக்க முடியாமல்
வந்த வழியே நடந்தேன்.

ஆறரைக்கு வந்தார்.
"இன்று வேலை அதிகம்" என்றார்.
"தெரிகிறது" என்று
தோளில் இருந்ததை மட்டும் கிள்ளி எடுத்தேன்.

மறுநாள் காலை
கறுப்பை ஊறப்போட்டுவிட்டு
அலமாரியின் அடியில் கிடந்த
அந்தப் பழைய மண்ணிறக் கால்சட்டையை
இஸ்திரி போட்டு நாற்காலியில் மாட்டினேன்.
செம்மஞ்சள் விழுந்தால்
விழுந்ததே தெரியாத நிறம்.
டப்பாவில் மீன் இரண்டு துண்டு.

அவர் கால்சட்டையைப் பார்த்தார்.
டப்பாவைத் திறந்து பார்த்தார்.
அந்த மூடியை அழுத்தி மூட
வெகுநேரம் எடுத்துக்கொண்டார்.
வெளியே மின்தூக்கி வந்து,
கதவு திறந்து,
ஆளில்லாமல் இறங்கிப் போனது.