இடது றெக்கை

பொழிச்சலூரில் மாலை ஐந்தே கால்.
மைதானம் என்பது மரியாதைக்குச் சொல்வது.
நாலு மனை, ஒரு டிரான்ஸ்பார்மர்,
சித்திரையிலும் காயாத ஒரு மூலை.
பதினோரு பிள்ளைகள், மூன்று பந்துகள்.
ஒன்றுக்கு ரோமம் கொட்டிவிட்டது.

உயரப் பந்தைப் பிடிக்கும் பாடம் இன்றைக்கு.
எபினேசர் முறை.
மேலே அடித்துவிட்டுக் கத்தினேன்:
"முட்டியை மடக்கு, முழங்கையை உள்ள வை,
விரலை விரி, தலை ஆடக்கூடாது,
பின்னாடி, பின்னாடி, கையை இழு,
கண்ணு, கண்ணு, கண்ணைப் பாருடா!"

கண்ணை எப்படிப் பார்ப்பது என்று
நல்லவேளை அவன் கேட்கவில்லை.
பந்து நெஞ்சில் பட்டு
டிரான்ஸ்பார்மர் பக்கம் ஓடியது.
"மிஸ், இதுல எதை மொதல்ல செய்யணும்?"

கேலி இல்லை அவன் குரலில்.
பந்து வானத்தில் இருப்பது இரண்டு மூச்சு.
அதற்குள் இத்தனை கட்டளைகளைத் திணித்திருக்கிறேன்,
எட்டரை மணி பல்லாவரம் பஸ்ஸில்
கண்டக்டர் ஆள் ஏற்றுகிற மாதிரி.

பதில் சொல்ல வாயெடுத்தேன்.
விமானம் வந்துவிட்டது.

ஏழெட்டு நிமிடத்துக்கு ஒன்று வரும் இங்கே,
மொட்டை மாடித் துணிகளை
எடுத்துக்கொண்டு போய்விடும் உயரத்தில்.
பதினோரு தலையும் அண்ணாந்துவிடும்.
விசில் ஊதினால் விசிலையும் தின்றுவிட்டுப் போகும்.
மேலே பார்த்தால் இரண்டு ரவுண்டு ஓட்டம் என்று
போன வாரம் சட்டம் போட்டேன்.
ஓடிக்கொண்டே பார்த்தார்கள்.

"டயரை அப்பவே இறக்கிட்டான் மிஸ்"
என்றான் யாசின்.
நேற்று மூன்று கேட்ச் விட்டவன்.
என் நோட்டில் அவன் பெயருக்கு நேரே
'கவனம் இல்லை' என்று இருக்கும்,
அடிக்கோடு போட்டு.
"வாலு சிவப்பு. இடது றெக்கை கொஞ்சம் தாழ்ந்து வருது.
காத்து அந்தப் பக்கத்துலேர்ந்து அடிக்குது."

காற்று எந்தப் பக்கம் என்று
எனக்குத் தெரியாது.
ஒரு மாதமாக அதே காற்றில்தான்
பந்து அடித்துக்கொண்டிருக்கிறேன்.

பகலில் கூரியர் கடை வேலை எனக்கு.
பார்சலில் விலாசம் எழுதும் மார்க்கர்
பையிலேயே கிடந்தது.
ஒரு பந்தில் கோடு, ஒன்றில் வட்டம்,
ரோமம் கொட்டியதில் கோணலாக ஒரு மீன்.

"யாரும் பிடிக்க வேணாம்.
மேலேர்ந்து எது வருதுன்னு மட்டும் சொல்லுங்க.
பிளேன் பாக்குற மாதிரி."

பிறகு வாயை மூடிக்கொண்டேன்.
அன்றைக்கு மைதானத்திலேயே
அதுதான் கஷ்டமான பயிற்சி.
நாக்கு நுனியில் முட்டி வந்து நின்றது,
அதன் முதுகில் முழங்கை.
விழுங்கினேன்.

"வட்டம்!"
"கோடு! இல்லல்ல, மீனு!"
"மீனு சுத்துது மிஸ், தலைகீழா"
என்றாள் ரூபிணி.
சொல்லிக்கொண்டே, வேண்டாம் என்றதை மறந்து,
இரண்டு கையையும் நீட்டிவிட்டாள்.
மீன் உள்ளே விழுந்தது.
அவள் முட்டி மடங்கியிருந்தது.
யார் சொல்லி மடங்கியது?

எபினேசருக்கு நெற்றியில் பட்டது.
தேய்த்துக்கொண்டே "வட்டம்" என்றான்.
சரியான பதில்.

யாசின் இரண்டு பிடித்தான், மூன்றாவதை விட்டான்.
"கோடு ஒரு பக்கம் அழிஞ்சிருக்கு மிஸ்.
எந்தப் பக்கம்னு பாத்துட்டே இருந்துட்டேன்."
நோட்டில் இதை
எந்தக் கட்டத்தில் எழுதுவது?

மறுபடி அந்த இரைச்சல்.
விசில் கழுத்திலேயே தொங்கட்டும் என்று விட்டேன்.
பன்னிரண்டாவது தலையும் அண்ணாந்தது.
இடது றெக்கை. ஆமாம்,
கொஞ்சம் தாழ்ந்துதான் வருகிறது.

குனிந்து பார்த்தால்
என் கையிலிருந்த பந்தைக் காணோம்.